மழை இல்லாமல் வந்த தண்ணீர்

காற்றில் மாட்டுக்கொட்டகைத் தகரம் படபடவென அடித்தது. எட்டு வயதில் கடற்கரையில் கேட்ட அதே சத்தம்.

அன்று தாத்தாவுக்குத் திதி கொடுக்க எங்கள் ஊரான தேவாரத்திலிருந்து கடற்கரைக்குப் போயிருந்தோம். புயல் வருகிறது, மேட்டுக்கு ஓடுங்கள் என்று ஒரு மீனவர் கத்தினார். எங்கள் ஊரில் மேற்கு மலையில் மழை பெய்தால்தான் ஆற்றில் வெள்ளம் வரும். அந்த நினைப்பில் அப்பா எங்கள் வேனைவிட்டு நகரவில்லை.

“மழையே இல்லையேண்ணே. வெள்ளம் எங்கிட்டு இருந்து வரும்?”

“காத்து கடலையே தள்ளிக்கிட்டு வரும்யா!”

“வேனுக்குத்தான தாலி கட்டுனீக, இருங்க!” என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கீழே தெருவுக்குள் கடல் ஏறியது. அம்மா பள்ளிக்கூட வாசலிலேயே நின்றாள்.

இடுப்புவரை நனைந்து அப்பா வந்தார்.

“வேன் போச்சு ஆத்தா” என்றார் என்னிடம்.

அம்மா அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவர் சட்டையை விடவில்லை.