வண்டிக்கு ஒரு ஓட்டு

உங்கள் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். வாய்க்கொழுப்பு.

தொம்மலூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசல் மரத்தடியில்தான் அந்த அக்காவின் இஸ்திரி வண்டி நிற்கும். கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. பெட்டி காய்ந்துவிட்டதா என்று கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். நமக்குத்தான் பகீர் என்றிருக்கும். எம்.எல்.ஏ. தேர்தலில் ஒரு கட்சி, எம்.பி. தேர்தலில் அதன் எதிர்க்கட்சி என்றார்.

"கொள்கையே இல்லையாக்கா?" என்று கலாய்த்தேன்.

"எம்.எல்.ஏ. ஆளு போன் போட்டாத்தான் போலீஸ் வண்டிய விடுது தம்பி. அது வண்டிக்குப் போட்ட ஓட்டு. டெல்லிக்குப் போறவரு இந்த மரத்தடிக்கா வரப்போறாரு? அதனால அது மட்டும் எனக்குப் புடிச்சவருக்கு." குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாத. ரெண்டு ஓட்டும் தங்களுக்குத்தான்னு எம்.எல்.ஏ. ஆளுங்க நெனச்சுட்டிருக்காங்க."

"சேச்சே, சொல்வேனா?"

லிஃப்ட் வருவதற்குள் அவர் படத்தோடு அதை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். சிரிப்பு எமோஜி குவிந்தது. எம்.எல்.ஏ.வின் ஆளும் அதே குரூப்பில்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்து, "தெகீரி, தெகீரி" என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டியது. அக்கா எம்.எல்.ஏ. ஆளுக்குப் போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வண்டியை லாரியில் ஏற்றும்போது என் மூன்று சட்டைகளையும் மடித்து நீட்டினார்.

"மேல இருக்கறது சூடா இருக்கு தம்பி, பாத்து."

என் வேலைதான் என்று தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, எனக்குப் பிடிபடவே இல்லை.

இப்போது அந்த மரத்தடியில் என் பைக் நிற்கிறது.