கிழிந்தது என் காது ஜவ்வு

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. போத்தனூரில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்ற ஆரம்பித்தேன். இன்று அதே இடத்தில் என் பம்ப் பட்டறை நிற்கிறது. பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் வார்ப்பது படித்தவர் வேலை என்றார்கள். அச்சை நானே கடைந்து நானே வார்த்தேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கியபோது, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த மூன்று பேரும் தண்ணீர் இல்லை என்று போய்விட்டார்கள். பாறையை உடைத்து அறுபது அடிக் கிணறு வெட்டினேன். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கிணற்றுக்கு ஞாயிறு தவறாமல் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நீச்சல் குழு வரும். டாக்டர், வாத்தியார், கம்ப்யூட்டர்காரர் என்று பலர். நீந்திவிட்டுப் போன அடுத்த வாரம் யாராவது ஒருவருக்குக் காது சீழ் பிடித்திருக்கும். பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்து அடைத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய அடைப்பான் குதித்த வேகத்தில் கழன்று மிதந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

“இதென்னங்க, நிக்கவே மாட்டேங்குது? இதுக்குப் பேரு சீலுங்களா?” என்றேன்.

காந்திபுரத்தில் காது மெஷின் விற்கிற கடையில் ஒவ்வொருவரையும் காதுக்கு அச்சு எடுத்து வரச் சொன்னேன். அந்த அளவுக்குச் சிலிக்கானில் வார்த்துக் கொடுத்தேன். தலைகீழாகக் குதித்தாலும் அசையவில்லை. குழுவில் இருந்த காது டாக்டரே போட்டு நீந்திவிட்டு, “ஏனுங்ணா, ஒரு சொட்டு உள்ள போவுலீங்க. ஜோருங்ணா!” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. பைப்பின் அடியில் இருக்கும் புட்வால்வில் மட்டை நார் சிக்கியிருக்கும் என்று தெரியும். தண்ணீருக்குள் இருபது அடி இறங்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. என் அடைப்பானை இரண்டு காதிலும் அழுத்திப் போட்டுக்கொண்டு, பைப்பைப் பிடித்தபடி இறங்கினேன். பாதி வழியில் காது வலித்தது. எப்போதும் செய்வதுபோல மூக்கைப் பிடித்து ஊதினேன். வலி குறையாமல் ஏறியது. இன்னும் பலமாக ஊதினேன். வலது காதில் ‘டப்’ என்றது. அடைப்பான் கழன்று, குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்தது. கிணறே சுழன்றது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கையில் பைப் இருந்ததால் அதைத் தடவித் தடவி மேலே வந்தேன்.

படியில் நான் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவள் என் மனைவி. விஷயம் தெரிந்ததும், “ஊரு லீக்கையெல்லாம் அடைக்கறீங்க, உங்க காதே லீக்காயிருச்சுங்களா?” என்றாள்.

குழுவில் இருந்த அதே காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார்.

“காது ஜவ்வு கிழிஞ்சிருக்குதுங்ணா. அடைக்காம இருந்திருந்தா வெளிய தண்ணி அழுத்தும், நீங்க மெல்ல ஊதுனா உள்ளயும் அதே அழுத்தம் வந்து ரெண்டும் சமமாயிருக்கும். நீங்க வெளிப்பக்கத்தைச் சீல் போட்டுப்போட்டீங்க. ஊத ஊத ஜவ்வு வெளிய உப்பித் தெறிச்சுப்போச்சு.”

“இத முன்னாடியே ஏனுங்க சொல்லுல?”

“நீங்க அடிக்கு முழுகுவீங்கன்னு நெனைக்குலீங்ணா.”

வலது காதுதான் எனக்குச் சோறு போட்டது. ஓடுகிற மோட்டாரில் திருப்புளியின் முனையை வைத்து, கைப்பிடியை அந்தக் காதில் வைத்தால் பேரிங் தேய்ந்ததா, ஷாஃப்ட் வளைந்ததா என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் படாமல் வைத்திருந்தால் தானாக ஆறலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். எனக்குப் பயம் என்று எழுத மாட்டேன். அந்த வாரங்களில் பட்டறைக்குள் நான் கால் வைக்கவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காதைப் பொத்திக்கொண்டு கிணற்று மேட்டில் நின்று சட்டம் கத்தினேன். தலை மேலேயே இருக்க நீந்துகிறவர்கள் அடைப்பான் போடலாம். அடிக்குப் போகிறவர்கள் அதைக் கழற்றி, படியில் நான் வைத்த எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். வலி வருவதற்கு முன்னாலேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். வலித்தால் மேலே வந்துவிட வேண்டும். சளி பிடித்தவர்கள் கரையில் உட்காரலாம்.

கம்ப்யூட்டர்காரர் ஒருவர் சிரித்தார். “உங்க காது ஓட்டையானா எங்களுக்கும் ஆகுமுங்களா?”

“என்ற கெணறு, என்ற சட்டமுங்க. புடிக்காட்டி பாத்ரூம்ல பக்கெட்டுல முழுகிக்கோங்க.”

போட்டார், டப்பாவில். அதற்குப் பிறகு என் கிணற்றில் யாருக்கும் காது கிழியவில்லை. என் காதும் ஆறியது. பட்டறையில் முதல் மோட்டாரில் திருப்புளியை வைத்ததுமே பின்பக்கப் பேரிங் போய்விட்டதென்று சொன்னேன். கழற்றினார்கள். அதுதான்.

போன மாதம் அந்தக் குழு டவுனில் நடத்தும் நீச்சல் குளத்துக்குப் போனேன். சுவரில் பெரிய போர்டு. நான் மேட்டில் நின்று கத்திய அத்தனையும் வரி மாறாமல் இருந்தது. அடியில் டாக்டர் பெயர் போட்டு, அவர் ஆலோசனைப்படி குழு வகுத்த விதிகள் என்று எழுதியிருந்தது. என் பெயர் எங்கே என்று குழுச் செயலாளரைக் கேட்டேன்.

“ஐயா, உங்க பேரைப் போட்டா காது கிழிஞ்ச கதையையும் எழுதோணும். உங்களுக்குத்தானுங்க அசிங்கம்.”

“எனக்கென்னங்க அசிங்கம்? கிழியறதுக்கு முன்னாடி உங்க டாக்டரே வாயத் தொறக்குலயே.”

 இன்றுவரை போர்டு மாறவில்லை. ஆகவே இங்கே எழுத்தில் கேட்கிறேன். டாக்டர் பெயர் இருக்கட்டும், ஜவ்வை ஆற்றியவர் அவர். அதன் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயர் வர வேண்டும். அடைப்பான் வார்த்தவன் என்றும், சட்டம் போட்டவன் என்றும் எழுதுங்கள். அதற்காகக் கிழிந்த காது என்னுடையது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.