ஹந்தானைப் பிள்ளை வந்த காலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பது, வெந்நீர் சுமப்பது, சொன்னதைச் செய்வது. இதற்காகவா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன் என்று சலிப்பாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்திருந்தது. எலும்பு நேராகப் பொருந்துவதற்காக அவள் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் பாரம் தொங்கவிட்டிருந்தோம். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் கயிற்றை அவிழ்த்துவிடுவாள். கட்டக் கட்ட அவிழ்ப்பாள். வாட்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார சிஸ்டர், "நீ தமிழ்தானே, என்னவென்று கேள்" என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் அக்கா அவிழ்க்கிறீங்கள்? கால் கோணலாய்ப் பொருந்திவிடுமெல்லோ."

"வீட்டுக்குப் போகணும்மா. கைப்புள்ளய தோட்டத்து லயத்து வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். பாலு கட்டி நெஞ்சு கல்லா கெடக்கு."

தாதிகள் வாட்டில் ஓடக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் ஓடினேன். பிள்ளையை இங்கே கொண்டுவர விடுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"இங்கே குழந்தையா? யார் பார்த்துக்கொள்வது?"

"நான் பார்க்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, டொக்டரிடம் பேசுகிறேன். ஆனால் எல்லாம் உன் பொறுப்பு."

டொக்டரும் சம்மதித்தார். பின்னேரம் அவளுடைய புருஷன் பார்க்க வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். "காலையிலயே தங்கச்சிக்கிட்ட குடுத்து அனுப்புறேங்க" என்று நனைந்த கம்பளியை உதறிப் போட்டுக்கொண்டு, நின்ற நிலையிலேயே மலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே எழும்பிவிட்டேன். பிரம்புக்கூடை ஒன்றைத் தேடிப்பிடித்து உள்ளே துவாய் விரித்தேன். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலுக்குப் போனேன். கடைசியில் நாத்தனார் வந்தாள். அவள் முந்தானைக்குள் பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது. தாயின் மார்பில் வைத்ததும் அழுகை நின்றது. தாய் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லோரும் எழும்பி உட்கார்ந்து பார்த்தார்கள். கூடையை அவள் கட்டிலோடு ஒட்டி வைத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அவள் கயிற்றைத் தொடவேயில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் காலின் பாரத்தைச் சரிபார்ப்பதும் என் வேலையாயின. எலும்பு எப்படிப் பொருந்துகிறது என்று டொக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பல வாரம் கழித்து அவள் ஊன்றுகோலோடு படியிறங்கிப் போனபோது கால் நேராகவே இருந்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை சிஸ்டர் கூப்பிட்டார். "மூலைக் கட்டிலில் ஒருத்தி மருந்தே குடிக்கிறாள் இல்லை. என்னவென்று பார்."

"வாறன் சிஸ்டர்" என்று ஆங்கிலத்தை மறந்து தமிழிலேயே சொல்லிவிட்டு விரைந்தேன்.