அறுபத்து மூன்று டோக்கன்கள்

ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பிறப்பு, படிப்பு, குடும்பம், வேலை. ஒரு பக்கம் என்றால் எத்தனை வரி என்று கேட்டேன். செயலாளர் சிரித்தார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது? இருபத்தெட்டு வரியும் ஒரு பக்கம்தான், முப்பத்திரண்டும் ஒரு பக்கம்தான்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. பிறந்தது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. ராயபுரத்தில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் பதினோரு வருடப் படிப்பு. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் டேலி கிளார்க், அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிறவன். மனைவி போய் ஆறு வருடம். மகள்கள் இரண்டு பேர். இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு இருபத்தோரு படி. பன்னிரண்டாவது உடைந்து நாலு மாதமாகிறது, வீட்டுக்காரர் காதில் விழவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதியதைப் படித்த பெரிய மகள், எதையும் ஏன் இரண்டு முறை எண்ணுகிறீர்கள், அதையும் எழுதுங்கள் என்றாள். எண்ணும் பழக்கம் எனக்கு முன்பே இருந்தது. எண்ணி வந்ததை நம்பாமல் இருக்கும் பழக்கம் ஒன்பது வயதில் வந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவும் சித்தப்பாவும் ஒரே தொழிற்சாலையில் வெவ்வேறு கொட்டகையில் வேலை பார்த்தார்கள். மருந்துத்தண்ணீர், அதாவது ரசாயனம், காய்ச்சும் இடம். பெயர் வேண்டாம், இன்று அங்கே லாரிகள் நிற்கின்றன. வாசலில் ஓர் ஆணிப்பலகையில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் தொங்கும். உள்ளே போகிறவன் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியில் எத்தனை டோக்கனோ உள்ளே அத்தனை ஆள். கம்பெனியின் கணக்கு அது. ஆட்களின் கணக்கு வேறு. தாமதமாக வருகிறவனின் டோக்கனையும் அண்ணனோ தோஸ்தோ சேர்த்துப் போட்டுவிடுவார். அவன் ரயில் பாதைப் பக்கம் சுவரேறி வந்து சேர்ந்துகொள்வான். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. டைம் கீப்பருக்கும் தெரியும் என்பார்கள்.

அன்று காலையில் சித்தப்பா நைனாவிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாக. நைனா இரண்டு டோக்கன் போட்டார்.

கோடை விடுமுறை. பகலில் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. நான்கடுக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு போனபோது சிவப்புக் காத்தாடி ஒன்று வானத்தில் நின்றது. கறுப்பு வால். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். நூல் வந்த வழியே பார்த்துப் போய், இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டைமாடியில் சித்தப்பாவைப் பிடித்தேன். அவருக்கு இருபத்திரண்டு வயது. திருடன் மாட்டிக்கொண்டதுபோல் சிரித்தார். அறுபது எண்ணும்வரை நூலைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார். நான் மெதுவாக எண்ணினேன். அதற்கு விலையாக மாதாமேல் சத்தியம் வாங்கினார்.

"என்னிய பாக்கலன்னு சொல்லணும். யார் கேட்டாலும். உங்க நைனா கேட்டாலும். இன்னா?"

சரி என்றேன். தொழிற்சாலைக் கதவை நெருங்கும்போது சங்கு ஊதியது. சாப்பாட்டுச் சங்கு ஒரு முறை ஊதி நிற்கும். இது நிற்கவில்லை. உள்ளே ஏதோ குழாய் விட்டுவிட்டது. மஞ்சளாக ஒரு புகை தரையோடு நகர்ந்து வந்தது. ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். நைனாவும் வந்தார். கண்கள் சிவந்திருந்தன, மற்றபடி நன்றாக இருந்தார்.

டைம் கீப்பர் பெட்டியைக் கவிழ்த்து டோக்கன்களை எண்ணினார். அறுபத்து மூன்று. வெளியே நின்ற தலைகளை எண்ணினார். அறுபத்திரண்டு. நானும் எண்ணினேன். எனக்கும் அறுபத்திரண்டு வந்தது. பெரிய மனுஷருக்கு வந்த எண்ணே எனக்கும் வந்ததில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன்.

பிறகு பெயர்களைப் படித்தார். சித்தப்பாவின் பெயருக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை.

நைனா திரும்பியபோது அங்கே கேரியரோடு நான் நின்றிருந்தேன். என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"வர்ற வழில சித்தப்பாவ பாத்தியாடா?"

அவர் தலைக்கு மேலே, தூரத்தில், சிவப்புக் காத்தாடி அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினேன்.

"நல்லா யோசிச்சி சொல்லு. எங்கியாவது பாத்தியா?"

"இல்ல நைனா."

அவர் துண்டைத் தீயணைப்பு வாளியில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டார். நாலைந்து பேர் மறித்தார்கள். "போவாத அண்ணே, உள்ள இன்னும் பொக நின்னுகினு கீது" என்று ஒருவர் கையைப் பிடித்தார். நைனா உதறிவிட்டுப் போனார். கதவிலிருந்து பதினேழு எட்டு வைக்கும்வரை அவர் முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் காத்தாடி அறுந்தது. தலைகுப்புறப் புரண்டு ரயில் பாதைப் பக்கம் போனது. யாரோ சித்தப்பாவின் நூலை அறுத்துவிட்டார்கள், பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தம் அடங்கும் முன்பே அவர் தெருமுனையில் ஓடிவந்தார். வெறுங்கால். மாஞ்சா நூல் அறுத்து இரண்டு விரலில் ரத்தம்.

டைம் கீப்பர் அவரைப் பார்த்து, "நீ உள்ள இல்லியாடா?" என்றார். அதட்டவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

நைனாவை மூன்றரை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். சித்தப்பா வேலை செய்யும் கொட்டகையின் கடைசி மூலையில் கிடந்தாராம். நான்கடுக்கையும் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மூன்று பாவம் சொன்னேன். கோலி திருடியது, தங்கச்சியை அடித்தது, பூசையில் தூங்கியது. இதைச் சேர்க்கவில்லை. மாதாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் அல்லவா, அது எப்படிப் பாவமாகும்?

சித்தப்பாவை வேலையைவிட்டு நீக்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னையும் தங்கச்சியையும் படிக்கவைத்தார். நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் இரண்டு வருடம், அவர் முதுகில் ஏறிய மூட்டைகளை நான்தான் எண்ணினேன். என்னைத் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். அம்மா அவருக்குச் சோறு போடுவார், பேச மாட்டார். அதன்பின் சித்தப்பா காத்தாடியைத் தொட்டும் நான் பார்த்ததில்லை.

நாற்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். உங்க நைனா அன்னிக்கு உன்னைக் கேட்டாரா, நீ என்ன சொன்னே என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. பாவம், அவருக்குத் தெரியாது, தெரியாமலே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பி வரும்போதுதான் கணக்கு போட்டேன். நைனா உள்ளே போனபின் அந்த வாசலில் அறுபத்தொரு பேர் நின்றிருந்தார்கள். நைனா என்னைக் கேட்டதும் நான் இல்லை என்றதும் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அவர்களில் ஒருவர்கூடவா சித்தப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டார்?