இறக்கத்தில் நியூட்ரல்

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து மகள் கார் ஓட்டக் கூடாது. எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

சங்ககிரி வீட்டு வாசலில் நின்ற டீசல் காரை, அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே விற்று, மின்சாரக் கார் வாங்கியவள் நான். ‘பொம்மை வண்டி’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஏறாமலே இருந்தார். கொல்லிமலைக் கோயிலுக்கு என்றதும் ஏறினார்.

மலையேற்றம் சார்ஜை உறிஞ்சிவிட்டது. கோயிலிலிருந்து கிளம்பும்போது பன்னிரண்டு சதவீதம். சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் போனால்தான் சார்ஜ் போட முடியும். வழியில் நின்றால் சங்ககிரி லாரிக்காரர்கள் மத்தியில் என் மானம் கப்பலேறிவிடும்.

“கயிறு கட்டி இழுக்க ஆளுக்குச் சொல்லிரட்டுமா சாமி?” என்றார் அப்பா, சந்தோஷத்தை மறைக்காமல்.

நான் வண்டியைக் கிளப்பினேன். வளைவுக்கு வளைவு அப்பா தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஏசியை அணைத்தார். பாட்டை நிறுத்தினார். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து சாலை நேராகச் சரிந்த இடத்தில், சட்டென்று கையை நீட்டி கியர் குமிழை நியூட்ரலுக்குத் திருப்பிவிட்டார்.

அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பெற்ற அப்பாவை அடித்தது அதுதான் முதல் தடவை.

“எறக்கத்துல எவனாச்சும் கியர்ல வருவானா? கரண்டு வீணாப் போவுதில்ல?”

“போகலீங்கப்பா, வருது! உருளற சக்கரம் மோட்டாரைச் சுத்திக் கரண்டு எடுக்குது. நியூட்ரல் போட்டா அது நின்னுரும்!”

ஓரமாக நிறுத்தித் திரையைக் காட்டினேன். பதினெட்டு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“மேல பன்னண்டுதான இருந்துச்சு? எங்கியும் சார்ஜ் போடலியே?”

“இல்லீங்க.”

அதன்பின் நாமக்கல் வரை அவர் கண் அந்தத் திரையை விட்டு நகரவில்லை. நாமக்கல்லில் சார்ஜ் போட்டுவிட்டு டீ குடிக்கும்போதுதான் பேசினார்.

“தொப்பூரு, திம்பம்னு எத்தன மல எறங்கியிருப்பேன் சாமி. ஒரு எறக்கத்துலயாவது ஒரு சொட்டு டீசல் திருப்பிக் குடுத்திருக்குமா அந்த லாரி?”

ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவே இல்லை. பாவமாக இருந்தது. சார்ஜ் ஏறியதும் சாவியை அவர் கையில் கொடுத்தேன். வண்டியை வெளியே எடுத்தவர், சங்ககிரிப் பக்கம் போகாமல் மறுபடியும் கொல்லிமலைப் பக்கம் திருப்பினார்.