செக்கப் நாள் மாத்திரை

முன்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை உதைக்கிறார் கன்னியப்பன். அடுத்து ஹைட்ராலிக் ஆயில், பிரேக், ஹாரன். பார்த்த பிறகுதான் செக்லிஸ்ட்டில் டிக். ஒரகடத்துக் கம்பெனியில் பதினேழு வருடமாகப் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். சாவி கழுத்தில் ஐடி கார்டோடு தொங்கும். கழிப்பறைக்குப் போனாலும் கூடவே போகும். பார்க்காமல் டிக் அடிக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நேத்து நல்லா இருந்துச்சின்னா இன்னிக்கும் நல்லா இருக்குமா? இன்னாபா பேச்சு இது?"

இவ்வளவு விவரமான மனுஷன் ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் மாதம் ஒரு நாள்தான் போடுகிறார். மருத்துவப் பரிசோதனை அன்று, ஒன்றுக்கு இரண்டாக! போன மாதம் எப்படியோ தப்பித்துவிட்டார். இன்றைக்குத்தான் பேச்சுவாக்கில் அவரே உளறிவிட்டார். முதலுதவி அறை நர்ஸ் மதிவதனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெனம் போட்டா ஒடம்பு பழகிடும் சிஸ்டர்."

இவருக்குப் புரியும்படி மதிவதனி விளக்கினாள். இதயச் செல்லின் சவ்வில் நுண்ணிய கதவுகள் உண்டு. மின்துடிப்பு வந்ததும் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். நரம்பு முனையிலும் கால்சியம் நுழைந்தால்தான் சேதி அடுத்த செல்லுக்குப் போகும். ரத்தக்குழாய்ச் சுவரிலும் அதே கதவுகள்தான். கால்சியம் அதிகமாக நுழைந்தால் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். அங்கேதான் இந்த மாத்திரை கதவுகளில் சிலவற்றைச் சாத்தி வைக்கிறது. உடம்பில் சேர்ந்து முழுசாக வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும்.

"கதவு தெனமும் தொறக்குது அண்ணா. மாசத்துக்கு ஒருநாள் வாட்ச்மேன் போட்டா ஆச்சா?"

"கால்சியம் உள்ள போவலன்னா எலும்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"எலும்புக்கு ஒண்ணும் ஆவாது! கைய நீட்டுங்க."

அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. இதை எழுதினால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவர் வண்டியில் ஏறக்கூடாது; பேக்கிங்கில் நிற்க வேண்டும். எழுதாமல் விட்டால், தலை சுற்றுகிற ஒரு நொடியில் இரண்டு டன் பாரம் யார் மேலாவது இறங்கும்.

"ஒரு தபா கொறைச்சி எழுதிக்கோ சிஸ்டர்."

மதிவதனிக்கு வந்ததே கோபம். "பாக்காம டிக் அடிக்கச் சொல்றீங்களா அண்ணா? நீங்களா?"

கன்னியப்பன் கையில் சுற்றியிருந்த பட்டையைத் தானே அவிழ்த்தார்.

"ஹாரன் கொஞ்சம் அடைச்சிகினு கீது. ஓட்ட வர்றவன்கிட்ட சொல்லிடு."

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, அவள் மேசைமேல் வைத்தார்.