இல்லை என்று சொல்லாத ஷெல்

எண்பதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடந்தது. நான் அங்கே பாடம் எடுத்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். செருப்பைப் படியிலேயே விட்டு, மெஷினைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் உட்கார வேண்டும். முதலாளி போட்ட சட்டம் அது. மெட்ராஸில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இவரிடமிருந்து ஒரு அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்டிருந்தார்கள்.

முதலாளி சொந்தமாக ஒரு ஷெல் எழுதியிருந்தார். நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி மெஷினை வேலை வாங்குகிற புரோகிராம் அது. மெஷினோடு வந்த ஷெல் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. மெட்ராஸ் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் இவர் எழுதியதைப் பார்க்க வருவதாக இருந்தது.

"என்விரான்மென்ட் வேரியபிள நீ டெஸ்ட் பண்ணிடும்மா. எல்லாம் சரின்னு நோட்ல எழுதிக் குடு, சர்டிபிகேட் ரெடி" என்றார்.

வேரியபிள் என்றால் ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. பேக்கப் என்ற பெயருக்கு, நகல் வைக்கும் இடத்தை மதிப்பாகக் கொடுத்துவிட்டால், பேக்கப் என்று சொன்னதும் ஷெல் அந்த இடத்தை எடுத்துப் போட வேண்டும். தான் கிளப்பிவிடும் புரோகிராம்களுக்கும் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். மதிப்பு கொடுத்துப் பார்த்தேன், மாற்றிப் பார்த்தேன், நடுவில் இடைவெளி விட்டுப் பார்த்தேன். எல்லாம் தேறியது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. கடைசியாக, யாருமே வைக்காத ஒரு பெயரைக் கேட்டேன். வெறுமையாக வர வேண்டும். 'நிறைவு' என்று இங்கிலீஷ் எழுத்தில் வந்தது.

தப்பு என்று அவரிடம் போய்ச் சொன்னேன்.

"தப்பில்லம்மா, நான்தான் போட்டேன். வீட்டுல அரிசி தீர்ந்துட்டா இல்லைனா சொல்லுவாங்க? நிறைஞ்சிருக்குனுதானே சொல்லுவாங்க? தொழில் பண்ற எடத்துல மெஷின் வாயால இல்லைனு வரலாமா?"

"வீட்டுல அப்படிச் சொன்னா, கேக்கறவங்க பையை எடுத்துக்கினு கடைக்குப் போவாங்க சார். மெஷினுக்கு அது தெரியாதே?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.

நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: 'இல்லாததைக் கேட்டால் இருப்பதாகச் சொல்கிறது. தவறு.' அவர் படித்துவிட்டு, "இந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு சர்டிபிகேட் வாங்கிக்கோ" என்றார். நான் கிழிக்கவில்லை. வீரமெல்லாம் இல்லை, பயந்துகொண்டுதான் இருந்தேன். கோபம் அதைவிடக் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

பேராசிரியர் வந்தார். முதலாளி ஜரிகை வேட்டியில், தானே மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தான் எழுதிய ஷெல்லின் மூல ஃபைல்களைத் திரையில் வரிசையாகக் காட்டினார். "பாருங்க சார், ஒரே கட்டளை. இத்தனையும் பேக்கப் எடத்துக்குப் போயிடும்" என்று, ஃபைல்களை இடம் மாற்றும் கட்டளையைத் தட்டினார். அந்த உற்சாகத்தில் பேக்கப்புக்கு மதிப்பு கொடுக்க மறந்துவிட்டார்.

பழைய ஷெல்லாக இருந்தால், எங்கே கொண்டுபோவது என்று கேட்டு நின்றிருக்கும். ஒரு ஃபைலும் கெட்டிருக்காது. எங்கள் ஷெல்லோ மங்களகரமானது. பேக்கப்புக்கு நிறைவு என்று தானே மதிப்பு போட்டுக்கொண்டது; அப்படி ஒரு இடம் கிடையாது என்பதால், முதல் ஃபைலுக்கு நிறைவு என்று பெயர் மாற்றியது. இரண்டாவதையும் அதே பெயருக்கு மாற்றி, முதல் ஃபைலை அழித்தது. மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது. இப்படியே போய், கடைசியில் திரையில் ஒரே ஒரு பெயர் மிச்சம்: நிறைவு.

"மத்த ஃபைலெல்லாம் எங்கங்க?" என்றார் பேராசிரியர்.

"உள்ளதான் சார் இருக்கு" என்றார் முதலாளி. அந்த நிலையிலும் அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பூஜை அலமாரியிலிருந்த ஃப்ளாப்பியில் ஒரு நகல் உண்டு என்று ஓடிப்போய் எடுத்து வந்தார். அதற்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்திருந்தார். மெஷின் அதைப் படிக்க மாட்டேன் என்றது. பேராசிரியர் கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் படிக்கட்டுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் காலை முதலாளி மெஷினுக்குச் சூடம் காட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"சார், என் சர்டிபிகேட்?"

தட்டைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. "இல்ல" என்றார்.